தனியாக ஆடவும் உத்தரவு வேண்டும், எஜமானே!

சென்னையை ஒட்டிய காட்டுப்பாக்கத்தில் ஒருவர் தன் வீட்டு ஹாலில், தவணை கட்டி வாங்கிய பிளேஸ்டேஷனில், எதிராளி என்று ஒருத்தரும் இல்லாமல் தன்னந்தனியே கார் ஓட்டி விளையாட வேண்டுமா? கடல்தாண்டி இருக்கும் ஏதோ ஒரு கம்பெனியின் சர்வர் தலையாட்ட வேண்டும். அது தலையாட்டாவிட்டால் காரும் இல்லை, ரோடும் இல்லை. இணைப்பைச் சரிபார்க்கவும் என்று ஒரு வரி மட்டும் வரும்.

சரிபார்க்கிறோம் ஐயா. நீங்களும் ஒருநாள் வந்து பாருங்கள், எங்கள் இணைப்பின் லட்சணத்தை. மவுண்ட்-பூந்தமல்லி சாலையிலிருந்து கிளம்பும் ஃபைபர் ஒயர், இ.பி. கம்பத்தை நாலு சுற்று சுற்றி, அடுத்த தெரு முருங்கைக் கிளையில் இளைப்பாறி, யார் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடியிலோ கயிற்றால் கட்டுண்டு, ஒருவழியாக எங்கள் ஜன்னலுக்கு வந்து சேர்கிறது. உயரமாகச் சரக்கேற்றிய லாரி ஒன்று தெருவுக்குள் நுழைந்தால் போதும், பத்து வீட்டு நெட் அதன் தலையோடு போய்விடும். லாரி வராத நாளில் ஜேசிபி வரும். இரண்டும் வராவிட்டால் மழை வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. பால் பாக்கெட்டுக்கு அலைந்தார்கள் ஜனங்கள். இன்வெர்ட்டர் உயிரோடிருந்த வீட்டுப் பிள்ளையிடம் அப்போதும் இந்த ஆட்டங்கள் கேட்டிருக்கும்: இணைப்பைச் சரிபார்த்தாயா?

கோயம்புத்தூர்க் கிரைண்டரை இப்படிச் செய்து விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அரிசியைப் போட்டு சுவிட்சைத் தட்டினால், கம்பெனியிலிருந்து உத்தரவு வரவில்லை என்று கல் பாதியில் நின்றுவிடும். விற்ற மகராசனை எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தக் குழவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் விசாரித்திருப்பார்கள். ஆட்டக் கம்பெனிகளை விசாரிக்க யாரும் இல்லை. கேட்டால், இதெல்லாம் டெக்னாலஜி சார், உங்களுக்குப் புரியாது.

புரிந்து 10 வருடத்துக்கு மேல் ஆகிறது. 2013 மார்ச்சில் இ.ஏ. கம்பெனி சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் ஆட்டத்தை விற்றது. பக்கத்து ஊர் சகவாசமே வேண்டாம், தனியாகக் கட்டிக்கொள்கிறேன் என்றாலும் நெட் கட்டாயம். வெளிவந்த வாரமே சர்வர் படுத்துக்கொண்டது. காசு கொடுத்தவர்கள் திரையில் வரிசை கட்டி நின்றார்கள். நகரத்தின் கணக்கில் பெரும்பங்கு எங்கள் சர்வரில் நடக்கிறது, நெட் இல்லாமல் ஓட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை என்று கம்பெனி விளக்கம் சொன்னது. அந்த மாதமே, உள்ளே கைவைத்துப் பார்த்த ஒருவர் நெட் இல்லாமல் நகரத்தை ஓட்டிக் காட்டினார். மறுவருடம் கம்பெனியே ஆஃப்லைன் வசதியைக் கொடுத்தது. ஆக, அந்தச் சர்வர் மூளை இல்லை, பூட்டு. பூட்டை மூளை என்று சொல்லி விற்றார்கள், நாமும் வாங்கினோம்.

அதே 2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட் தன் புது எக்ஸ்பாக்ஸுக்கு ஒரு விதி வைத்திருந்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நெட்டில் ஆஜராக வேண்டும். கிட்டத்தட்ட நிபந்தனை ஜாமீன். நெட் இல்லாதவர் கதி? அவர்களுக்கென்றுதான் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்றார் அந்தப் பிரிவின் தலைவர் டான் மாட்ரிக். ஜனங்கள் கொதித்ததில் சில நாட்களிலேயே விதியைச் சுருட்டிக்கொண்டார்கள். மற்ற கம்பெனிகள் அதிலிருந்து கற்றது, விதியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதைத்தான். 2022 மார்ச்சில் கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் ஆட்டத்தின் சர்வர் ஒரு நாளுக்கும் மேல் படுத்தபோது, தனியாக ஆடும் பகுதியில் பெரும்பாலானதும் சேர்ந்து படுத்தது.

உச்சம் யூபிசாஃப்டின் தி க்ரூ. 2014 டிசம்பரில் வந்த கார் ஆட்டம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். கதையைத் தனியாக ஆடிக்கொண்டிருந்தவருக்கும் அன்றோடு எல்லாம் முடிந்தது. கலிஃபோர்னியாவில் சிலர் வழக்குப் போட்டார்கள். கம்பெனி சொன்ன பதில்: நீங்கள் வாங்கியது ஆட்டத்தை இல்லை, ஆடுவதற்கான உரிமத்தை. இந்தக் கொதிப்பில், விற்ற ஆட்டத்தை அணைக்காதே என்று ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய இயக்கத்துக்கு, ஐரோப்பாவில் மட்டும் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது.

நம் கதை வேறு. 2020 செப்டம்பரில் தேசப் பாதுகாப்பு என்று சொல்லி அரசு பப்ஜி ஆட்டத்தைத் தடை செய்தது, அக்டோபர் 30-இல் சர்வர் அணைந்தது. அது பெரிய விஷயம், அதில் நான் வாதாட வரவில்லை. ஆனால் அப்பாவின் போனில் காசு கட்டி பையன் ஆட்டத்துக்குள் வாங்கிய துப்பாக்கிச் சாயமும் சட்டையும் எங்கே போனது என்று ஒரு அதிகாரியும் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஆட்டம் பெயரை மாற்றிக்கொண்டு வந்தது, பழைய கணக்கை மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. பிடுங்குவதும் அவர்கள் இஷ்டம், திருப்பித் தருவதும் அவர்கள் கருணை.

தமிழ்நாட்டில் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்ட வேண்டும் என்று 2025-இல் விதி போட்டார்கள். உயர் நீதிமன்றமும் சரியென்றது. ஆன்லைன் ரம்மியில் உயிரை விட்டவர்களைப் பார்த்த மாநிலம், அந்த விதி வேண்டியதுதான். ஆடுகிறவன் எப்போது தூங்க வேண்டும் என்பதுவரை யோசிக்கத் தெரிந்த அரசுகளுக்கு, விற்ற பொருளைக் கம்பெனி எப்போது தூங்கப் போடலாம் என்று ஒரு வரி எழுத மட்டும் பேனா ஓடவில்லை.

சரி, உரிமம்தான் என்றால் அப்படியே இருக்கட்டும். இனி நாங்களும் ஓர் ஆட்டத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கும்போது அது பணமில்லை, பணத்தை வைத்துக்கொள்ள உங்களுக்குத் தரும் தற்காலிக அனுமதி. தினமும் காலையில் காட்டுப்பாக்கத்துக்கு போன் போட்டு, இன்றைக்கும் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வேண்டும். லைன் கிடைக்காவிட்டால் உங்கள் இணைப்பைச் சரிபார்க்கவும்.