சும்மா கிடைச்ச கட்டை

தோப்புக்காரர் வீட்டுப் புளியமரம் சாஞ்சு கெடக்காம், 'வேணுங்கறவங்க அள்ளிக்கிட்டுப் போங்க'ன்னு சொல்லிட்டாராம், நீயும் குட்டி யானை பிடிக்கக் கெளம்பிட்டியாம். நல்லது மாப்ள. போறதுக்கு முன்னாடி மாமன் சொல்றதையும் காதுல போட்டுக்க. தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. அது மாட்டுக்குச் சொன்னது. மாடு தானா நடந்து வரும். கட்டை வருமா?

கூலிக்கு ஆள் விட்டு மரத்தை எடுக்கச் சொன்னா வெட்டுக்கூலி, வண்டி வாடகை, டீ, வடை எல்லாம் அவரு தலையில. 'இலவசம்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அத்தனையும் உன் தலையில. எனக்கு எப்புடித் தெரியும்னு கேளு. 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜாப் புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுச்சே, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னையையெல்லாம் படுக்க வச்சுட்டுப் போச்சே. அப்ப சர்க்காரு மரத்துக்கு 1,100 ரூவா அறிவிச்சுது. மரம் போனதுக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. உன் சித்தப்பன் வந்து, 'மச்சான், கட்டைய விறகுக்குச் சும்மா குடுப்பியளா'ன்னு தலையச் சொறிஞ்சான். நானும் மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு, 'என்ன செய்யிறது, சொந்தமாப் போயிட்ட, எடுத்துக்க'ன்னேன். வெட்டி இழுத்துட்டுப் போனது அவன். மரத்துக்கு 500 என் மடியில.

கொண்டுபோனதாவது எரிஞ்சுதா? தென்னைக்கு வைரம் வெளிய, பஞ்சு உள்ள. கோடாலி வெளிய பட்டாத் தெறிக்கும், உள்ள போனாச் சிக்கிக்கும். மழையில ஊறி மக்கி, அதுக்குள்ள காண்டாமிருக வண்டு குடும்பம் நடத்த ஆரம்பிச்சிருச்சு. மக்குன தென்னங்கட்டைன்னா அதுக்குப் பிரசவ ஆசுபத்திரி. பொறந்து வளந்து பறந்து, அவன் வாசல் கன்னோட குருத்தையே கொடஞ்சுது. என் தோப்பு வண்டும் சேந்து இலவசமாப் போச்சு.

புளி அப்படியில்ல, நின்னு எரியும். ஆனா கனம்? ரெண்டடிக் குறுக்கு, பத்தடி நீளத்துல ஒரு துண்டுன்னா 31 கன அடி. ஒரு கன அடி தண்ணியே 28 கிலோ. பச்சப் புளி அதுக்குக் கொறயாது. பெருக்கிப் பாரு, 860 கிலோவத் தாண்டும். குட்டி யானை முக்கால் டன்னுக்குச் செஞ்ச வண்டி. நீ மொத்த மரத்தையும் ஒரே நடையில அடிக்கலாம்னு கணக்குப் போட்டியாமே! மரம் கெடக்குற எடத்துலயே ஒண்ணரை அடித் துண்டாப் போட்டுக்க.

போற வழியில ரோட்டோரத்துல இன்னொண்ணு சாஞ்சு கெடந்தா, அடிமரத்துல நம்பர் எழுதியிருக்கான்னு பாரு. நெடுஞ்சாலைத் துறை மரம் அது. புளியம்பழத்தையே ஏலம் விடுறவங்க கட்டையையா விட்டுருவாங்க? பல்லு டாக்டர் போர்டு அடிச்ச ஆணியெல்லாம் வேற பட்டைக்குள்ள மூடிக் கெடக்கும். வாளு பல்லு போச்சுன்னா அந்த டாக்டரு பாக்க மாட்டாரு.

ஏத்தறப்ப கூட்டாளிக எல்லாரும் வருவானுக, போட்டோவும் பிடிப்பானுக. எறக்கறப்ப பாரு, அத்தனை பேருக்கும் அவசரச் சோலி வந்துரும். அங்கதான் நீ வீரம் காட்டப் பாப்ப. வேணாம். உருள்ற கட்டைக்கு முன்னாடி, பள்ளத்துப் பக்கம் நிக்கவே நிக்காத. உருண்டுச்சுன்னா காலைக் குடுத்துத் தடுக்காம ஓடு; கட்டைக்கு ஒண்ணும் ஆவாது. பெருசா இருந்தா வடக்கயித்த அதுல சுருக்குப் போட்டு, மறுமுனையை நல்ல வேப்பமரத்துல கட்டிட்டு, வண்டிய மெதுவா முன்னாடி எடுக்கச் சொல்லு. தானா எறங்கும். முருங்கையில கட்டித் தொலைக்காத, அதுவும் சேந்து வந்துரும். கயித்துக்கு நேரா யாரும் நிக்கப்படாது, அறுந்தாச் சாட்டையா வீசும். வாசல்லயும் எறக்காத. எறக்குன எடத்துலதான் அது கெடக்கும், கோலம் போட எடமில்லன்னு பொங்கல் வரைக்கும் வாங்கிக் கட்டிக்குவ.

எல்லாம் சரி மாப்ள, ஒண்ணு கேக்கணும். உன் வீட்டுல கேஸ் அடுப்பு இருக்கு, கரண்டு அடுப்பு இருக்கு. விறகடுப்பைத்தான் வீட்டுக்கு டைல்ஸ் போட்டப்பவே இடிச்சுட்டியளே. இவ்வளவு விறகையும் எதுல வச்சு எரிக்கப் போற?

நம்ம வீட்டுல மண்ணடுப்பு இருக்கு. கொல்லையில எடமிருக்கு, கயிறு கட்ட வேப்பமரமும் இருக்கு. பொளந்து காய வச்சுக் கொண்டாந்தியன்னா மாமன் வேணாம்னா சொல்லப் போறேன்? சும்மாதானே குடுக்குற.