கிண்ணத்தின் மாப்பிள்ளை முறுக்கு

பச்சை மரத்தைக் கடைவதில் இருக்கும் சுகமே தனி. உளியை வைத்தால் போதும், ஈரச் சீவல் சுருள் சுருளாகத் தோளைத் தாண்டிப் பறக்கும். முகத்தில் மரத்தண்ணீர் தெறிக்கும். வேம்பாக இருந்தால் உதட்டை நக்கியதும் கசக்கும். கொஞ்ச நேரத்தில் அச்சு வட்டமாக ஒரு கிண்ணம் கையில் இருக்கும். அதே கிண்ணத்தை மறுவாரம் எடுத்துப் பாருங்கள். வாய் ஒரு பக்கம் ஒடுங்கி, விளிம்பு ஏறி இறங்கி, மேசையில் வைத்தால் தானாகத் தலையாட்டும்.

காயும்போது மரம் இழையின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. குறுக்கேதான் சுருங்கும். அதிலும் மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, வளர்ச்சி வளையத்தை ஒட்டிச் சுருங்கும். திசைக்கு ஒரு கொள்கை வைத்திருக்கும் ஒன்றிடம் போய் வட்டமாக இரு என்றால் எப்படி இருக்கும்?

இதற்கு வழி இரண்டு தடவை கடைவது. முதல் தடவை, விட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சுவரைத் தடிமனாக விட வேண்டும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலம். இழையின் வெட்டுமுனை தெரியும் இரண்டு பக்கத்திலும் மெழுகு தடவ வேண்டும். ஈரம் அங்கேதான் அவசரமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். பிறகு காகிதப் பையில் போட்டு, காற்றடிக்காத மூலையில் மாதக்கணக்கில் விட்டுவிட வேண்டும். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை முறுக்கிக்கொள்ளும் மட்டும் முறுக்கிக்கொள்ளட்டும் என்று விட்டு, தணிந்தபிறகு பேச்சுக் கொடுப்போமே, அதே முறைதான்.

எங்கள் வீட்டில் காற்றடிக்காத மூலை கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. "ஏண்டா, விறகைக்கூடவா பையில போட்டு வைப்பாங்க?" என்றார் அம்மா. காய்ந்ததா என்று பார்க்க எடை போட வேண்டும். சமையலறைத் தராசில் நிறுத்து, கிண்ணத்தின் அடியில் பென்சிலால் தேதியும் கிராமும் எழுதி வைப்பேன். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் சென்னையில் ஐப்பசி அடைமழை பிடித்தால் இறங்கிய எடை மறுபடி ஏறும். "தீபாவளி முடிஞ்சா எல்லாருக்கும் ஏறத்தாங்க செய்யும்" என்றாள் மனைவி, தராசைத் திரும்ப வாங்கிக்கொண்டே.

இரண்டாவது கடைசல் தனி நாடகம். லேத்தின் சக் பிடிக்கும் அடிக்குமிழே கோணியிருக்கும். முதலில் அதை வட்டமாக்க வேண்டும். மெதுவாக ஓட்டினாலும் கிண்ணம் தள்ளாடும். ஒரு சுற்றில் உளி இரண்டு இடத்தில் மரத்தைத் தொடும், இரண்டு இடத்தில் காற்றைத் தொடும். டொக், டொக் என்று கேட்பது மெல்ல நெருங்கி, இடைவெளியில்லாத 'ஸ்ஸ்...' ஆகும்போது வட்டம் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்.

அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைபவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவாகத்தான் இருக்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் குடம் மயிரிழை சுருங்கினால் எந்தக் குழந்தை கண்டுபிடிக்கப்போகிறது? இன்னும் சிலர் பச்சையிலேயே மெல்லிசாகக் கடைந்து, கோணும் மட்டும் கோணட்டும் என்று விட்டு, கலை என்று பெயர் வைத்து விற்றுவிடுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

யாராவது தன் கையால் கடைந்த கிண்ணத்தைக் கொடுத்தால், வாங்கியதும் மேசையில் வைத்து ஆடுகிறதா என்று பார்க்காதீர்கள். பழம் வையுங்கள், முறுக்குக்கூட வைக்கலாம். ரசம் மட்டும் ஊற்ற வேண்டாம்.