மூலைவிட்டக் கணக்கு

பணம் இருப்பவர்கள் டிவி வாங்குகிறார்கள். பட்ஜெட் இருப்பவர்கள் டிவியைப் பற்றிப் படிக்கிறார்கள். எங்கள் வீட்டு பட்ஜெட் 25,000 ரூபாய். தொகையை நிர்ணயித்தவர் என் மனைவி. காரணம் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அந்த இருபத்தைந்தாயிரத்தில் ஒரு ரூபாய்கூடப் போடாத அத்தனை பேரும் ஆலோசனை தந்தார்கள். 65 அங்குலம் வாங்கி மாட்டியிருக்கும் மச்சான், "அம்பத்தஞ்சுக்குக் கீழ வாங்குறதுக்கு செல்போன்லயே பாத்துக்கலாம் மாப்ளே" என்றார். டல்லாஸில் இருக்கும் அக்கா மகன், "மாமா, ஓலெட் தவிர வேற எதையும் தொடாதீங்க" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினான். ஓலெட்டையும் நான் தொடவில்லை. விலைச்சீட்டை மட்டும் எட்ட நின்று வாசித்தேன்.

எங்கள் தெருவுக்கு முதன்முதலில் டிவி வந்த காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. 1975-ல் சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது. 1982-ல் இந்தியாவுக்குக் கலர் வந்தது. அதற்கெல்லாம் பிறகு ஆற அமர எங்கள் தெருவுக்குக் கறுப்பு வெள்ளை வந்தது. டயனோராவா, சாலிடேரா என்பது மட்டும்தான் கேள்வி. இரண்டும் மெட்ராஸ் சரக்கு. எதை வாங்கினாலும் தெரியப்போவது ஒரே சேனல். மரப்பெட்டி, இழுத்து மூட ஷட்டர் கதவு, வெள்ளிக்கிழமையானால் ஒளியும் ஒலியும் பார்க்கத் தெருவே திரண்டு வந்து தரையில் உட்காரும். எத்தனை அங்குலம் என்று ஒருவரும் கேட்டதில்லை. 2006-ல் அரசாங்கம் 14 அங்குலக் கலர் டிவியை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் அங்குலக் கணக்கு எங்கள் பக்கம் எல்லோர் வாயிலும் புகுந்தது. காசு கொடுத்து வாங்குகிறவர் பதினான்குக்கு மேல் போயாக வேண்டும் என்பது எழுதாத சட்டமாயிற்று.

அந்த அங்குலம் அகலமும் அல்ல, உயரமும் அல்ல, மூலைக்கு மூலை. பித்தாகரஸ் தேற்றத்தால் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பலன் டிவி கடையில்தான் கிடைத்தது. 43 அங்குலத் திரை என்றால் அகலம் முப்பத்தேழரை, உயரம் இருபத்தொன்று. முப்பத்திரண்டைவிடப் பதினொரு அங்குலம்தானே அதிகம் என்று அப்பா சொன்னார். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டு, பரப்பளவில் 80 சதவீதம் அதிகம் என்று நிரூபித்தேன். "விலையும் அப்படித்தானே ஏறியிருக்கு, இதுக்கு எதுக்குடா தேற்றம்?" என்றார்.

அரசாங்கமும் ரொம்ப நாள் முப்பத்திரண்டில்தான் கோடு போட்டு வைத்திருந்தது. அதுவரை 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதைத் தாண்டினால் 28. அதாவது 32 அங்குலம் வரை நீங்கள் எளிய குடிமகன். முப்பத்து மூன்றாவது அங்குலத்தில் சீமான். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாம் 18 ஆனது. நாங்கள் 43 அங்குலத்தை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் பெற்றது அதற்குப் பிறகுதான்.

திருச்சி என்.எஸ்.பி. ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரு பஞ்சவர்ணக்கிளி கழுத்தைத் திருப்பியது. பிறகு தேன் வழிந்தது. பிறகு ஏதோ பனிமலைக்கு மேல் ட்ரோன் பறந்தது. கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், கிளியின் சொந்த நிறம் என்ன என்று நமக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாட்டியைக் காட்டினால் டிவி நிறத்தைக் கூட்டுவது அப்போதே தெரிந்துபோகும். 'விவிட்' என்று ஒரு அமைப்பு உண்டு. பச்சையை இன்னும் பச்சையாக்கி, வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து, கடையின் ட்யூப்லைட் கூட்டத்துக்கு நடுவே கண்ணைப் பறிப்பதற்காகவே செய்தது. அதே அமைப்பில் வீட்டில் பார்த்தால் செய்தி வாசிப்பவருக்கு மஞ்சள்காமாலையோ என்று சந்தேகம் வரும். 'மூவி' அல்லது 'சினிமா' அமைப்புக்கு மாற்றச் சொன்னேன். விற்பனைப் பையன் தயங்கினான். மாற்றியதும் வரிசையிலேயே அந்த டிவி மட்டும் சோர்ந்துபோய்த் தெரிந்தது. ஆனால் கிளி கிளியாக இருந்தது.

"இது க்யூலெட் சார், அது எல்.இ.டி., இது 4கே ஹெச்.டி.ஆர்." என்று எழுத்துகளை அடுக்கினான். இந்த விலையில் எல்லாமே எல்.சி.டி. திரைதான், பின்னாலிருந்து வெளிச்சம் தருவது எல்.இ.டி. விளக்கு. க்யூலெட் என்றால் நடுவில் நிறத்தைச் சுத்தம் செய்ய ஒரு படலம் கூடுதல். ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், அது டல்லாஸ்காரர்களுக்கு. ஹெச்.டி.ஆர். படங்களைப் பெரும்பாலும் 1,000 நிட் வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாரிக்கிறார்கள். நம் பட்ஜெட் டிவி 250, 300 நிட்டில் மூச்சு வாங்கும். ஹெச்.டி.ஆர். என்று பெட்டியில் எழுதியிருப்பது பொய்யில்லை. உள்ளே வரும், வெளியே தெரியாது.

"தம்பி, இதுல எங்க வீட்டு கேபிள் போட்டுக் காட்டேன்" என்றார் அம்மா. கடையில் கேபிளே இல்லை. இந்த ஊரில் விற்கும் டிவிகளில் எத்தனையோ ராத்திரி ஏழு மணிக்குக் கேபிள் பெட்டியில் வரும் சீரியலைத்தான் காட்டப்போகின்றன. அதை மட்டும் எந்தக் கடையிலும் போட்டுக் காட்டுவதில்லை. காட்டாததற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண எஸ்.டி. சேனலில் வரும் படத்தில் 720-க்கு 576, ஆக மொத்தம் நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 4கே திரையில் இருப்பவை 83 லட்சம். சரியாக இருபது மடங்கு. வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் வராத பத்தொன்பதை டிவியே ஊகித்து நிரப்ப வேண்டும். நாலு பேருக்கு வைத்த ரசத்தை எண்பது பேர் பந்திக்குப் பரிமாறுகிற வேலை. விலை உயர்ந்த டிவி இந்த வேலையைக் கொஞ்சம் கௌரவமாகச் செய்யும். மலிவு டிவியில் மாமியார் பாத்திரத்தின் புருவமும் நெற்றிப் பொட்டும் கலந்துவிடும்.

அதனால் எங்களுக்கு வேண்டியது 4கேதானா என்ற கேள்வி வந்தது. கடைக்குக் கிளம்பும் முன்பே இன்ச் டேப்பை எடுத்து ஹாலை அளந்து வைத்திருந்தேன். சுவரிலிருந்து அம்மாவின் நாற்காலி ஒன்பது அடி. சராசரிக் கண்ணுக்கு 43 அங்குல ஃபுல் ஹெச்.டி. திரையின் தனித்தனிப் புள்ளிகள் ஐந்தரை அடிக்கு அப்பால் பிரித்துத் தெரியாது. 4கேயின் முழு நுணுக்கமும் தெரிய மூன்று அடிக்குள் வர வேண்டும். அவ்வளவு கிட்டப் போய் உட்கார்ந்தால் கண் கெட்டுப்போகும் என்று சின்ன வயதில் என்னை அடித்தவர் அம்மா. அவருக்குக் கண்புரை ஆபரேஷனும் ஆகியிருக்கிறது. ஃபுல் ஹெச்.டி.யே தாராளம் என்று முடிவு செய்தோம். மச்சானுக்கு மட்டும் சொல்லவில்லை.

பிறகு உட்காரும் வரிசை. அப்பா ஈஸி சேரில் நட்டநடுவே. அம்மா இடது ஓரம், அடுப்படிக்கு ஓட வசதியாக. நான் வலது ஓரத்தில், ஃபேன் எட்டாத இடத்தில். வி.ஏ. வகைத் திரை நேர் எதிரே இருப்பவருக்கு இருட்டை இருட்டாகக் காட்டும். ஓரத்தில் இருப்பவருக்கு நிறம் வெளிறிவிடும். ஐ.பி.எஸ். வகையில் ஓரத்திலும் நிறம் நிற்கும், ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். குடும்பத் தலைவர் ஒருவருக்காக வாங்குவதா, மொத்தக் குடும்பத்துக்காக வாங்குவதா என்ற அரசியல் கேள்வி இது. எந்த வகை என்று பெட்டியில் தேடினேன், போட்டிருக்கவில்லை. பையனுக்கும் தெரியவில்லை. எனவே நான் ஒவ்வொரு டிவிக்கும் பக்கவாட்டில் போய்க் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன். பின்னால் அம்மாவும் வந்து சாய்ந்தார். கடைக் காவலாளி எங்களைக் கவனிக்க ஆரம்பித்தார்.

கடைசியில் முடிவு காதால்தான் ஆனது. விளிம்பு மெலிய மெலிய ஸ்பீக்கருக்கு முன்பக்கம் இடமில்லாமல் போய், பல டிவிகளில் அது தரையைப் பார்த்துக்கொண்டு பேசுகிறது. அம்மா எல்லா டிவியையும் ஒவ்வொன்றாக முழுச் சத்தத்தில் வைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கிளிப் படத்தில் வசனம் இல்லையே என்றான் பையன். "பேசுறதாப் போடு" என்றார். அவன் தன் செல்போனிலிருந்து ஒரு நகைச்சுவைக் காட்சியை இணைத்துப் போட்டான். வாடிக்கையாளர்கள் கூடிவிட்டார்கள். வசனம் தெளிவாகக் கேட்ட டிவியைக் காட்டி, "இது" என்றார். பக்கவாட்டுச் சோதனையிலும் அது தேறியிருந்தது. விலை 20,990.

மிச்ச நாலாயிரத்தைக் கண்டுபிடிக்கக் கடையில் தனிப் படையே இருக்கிறது. நோ காஸ்ட் இ.எம்.ஐ. என்றார்கள்; அதில் பிராசஸிங் கட்டணமும், வட்டியின் மேல் ஜி.எஸ்.டி.யும் காஸ்ட்டில் சேராதாம். நீட்டித்த வாரன்டி என்றார்கள்; திரை உடைந்தால் உண்டா என்று கேட்டேன், அது 'ஃபிஸிக்கல் டேமேஜ்' என்றார்கள். டிவியின் விலையில் பெரும்பங்கு திரைதான். அது போனால் ரிப்பேர் என்பது அநேகமாகப் புது டிவி. ஸ்மார்ட் டிவியின் மெமரி ஒரு ஜி.பி.தான், இரண்டு வருஷத்தில் ஆமை வேகம் ஆகும், இப்போதே கூடுதல் விலையில் இன்னொன்று எடுங்கள் என்றார்கள். ஆமையானால் அன்றைக்கு ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகிக்கொள்வோம் என்றேன்.

கடைசியாகச் சுவர் மாட்டி. "வால் மவுன்ட் தனி சார், ஃபிட்டிங்கோட." பெட்டிக்குள்ளேயே இரண்டு கால்கள் இலவசமாக இருக்கும்போது சுவரை ஏன் துளைக்க வேண்டும் என்றார் மனைவி. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சுவரில் மாட்டச் சொன்னால் எல்லோரும் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். திரையின் நடு, உட்கார்ந்தவர் கண் மட்டத்தில் இருப்பதுதான் கழுத்துக்கு நல்லது.

அந்த இரண்டு கால்களும் திரையின் இரண்டு கோடியில் இருக்கின்றன. பழைய குண்டு டிவி நின்ற மேசையின் அகலம் இரண்டரை அடி. வீட்டில் அதைவிட நீளமாக, சரியான உயரத்தில் இருந்தது பாட்டியின் மரப்பெட்டி ஒன்றுதான். துடைத்து, அதன் மேல் டிவியை நிறுத்தினோம். பிரமாதமாக நின்றது. பெட்டிக்கு மூடி மேல்பக்கம். உள்ளே வெண்கலப் பானை, உருளி, அம்மாவுக்குச் சீர் வந்த அத்தனை பித்தளையும்.

"பொங்கலன்னைக்கு ஒரு மணி நேரம் டிவியைக் கையில பிடிச்சுக்க" என்றார் அம்மா. "பானையை எடுத்துப்பேன். ஆனா அன்னைக்குப் புதுப்படம் போடுவான், ஆஃப் பண்ணிடாதே."