தவணை முறையில் ஊர் திரும்புதல்

குறுகிய கால மருத்துவப் பணிக்கு ஆப்பிரிக்கா போய்வருபவர் ஒரே நாளில் ஊர் திரும்புவதில்லை. விமானத்திலிருந்து இறங்குவது முதல் தவணை மட்டுமே. ஸ்காட்லாந்திலிருந்து மலாவிக்குப் போகும் டாக்டர், நர்ஸ், மருத்துவ மாணவர் ஆகியோரிடம் இதை நன்றாகப் பார்க்கலாம். இரண்டு வாரம் ஆஸ்பத்திரி வேலை, ஒரு வாரம் நண்பர்களோடு ஏரிக்கரை, பிறகு எடின்பரோ. முழுதாக வந்து சேர மேற்கொண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

வழித்தடம் பழையது. மலாவியின் வணிக நகரமான பிளான்டயர், டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த ஸ்காட்லாந்து ஊரின் பெயரைத்தான் சுமக்கிறது. பாதிரியாரும் மருத்துவருமான அவர் 1856இல் ஊர் திரும்பி, மறு ஆண்டே தடித்த பயணநூல் ஒன்றை வெளியிட்டார்; அது அமோகமாக விற்றது. அவர் பெயரால் 1875இல் மலாவி ஏரியின் மெக்லியர் முனையில் ஒரு மிஷன் தொடங்கியது. அதில் சேர்ந்து போன டாக்டர் ராபர்ட் லாஸ், மலாவியை விட்டுக் கிளம்பியது 1927இல். 52 ஆண்டுகள்! இன்றைய தொண்டருக்கு மூன்று வார விடுப்பு கிடைப்பதே பெரும்பாடு. ஆனால் திரும்பி வந்து பேசும் பேச்சின் நீளத்தில் லாஸ் அவரிடம் தோற்றுப்போவார்.

போகும்போது பெட்டியில் கையுறையும் கட்டுத்துணியும் இருந்தன. வரும்போது பூப்போட்ட சித்தேஞ்சே துணி ஆறு கஜம், மரத்தில் செதுக்கிய நீர்யானை ஒன்று, செலவாகாத மலாவிப் பணமான குவாச்சா நோட்டுகள். நீர்யானை புத்தக அலமாரிக்குப் போகும். துணியில் சட்டை தைத்து ஒரே ஒரு முறை போட்டுக்கொள்ளலாம். குவாச்சாவை வெளிநாட்டில் அனேகமாக யாரும் மாற்றித் தரமாட்டார்கள். 'அடுத்த முறை போகும்போது ஆகும்' என்று மேசை இழுப்பறையில் போடப்படும். அந்த இழுப்பறையில் ஏற்கெனவே வேறு இரண்டு நாட்டுப் பணம் கிடக்கும்.

அடுத்தது கதை சொல்லும் தவணை. இதில் ஒரு நுட்பம் உண்டு. பயணம் ஒன்று, பதிப்பு இரண்டு. நன்கொடை கொடுத்த சர்ச் மண்டபத்தில் வார்டு படங்கள் மட்டும் காட்டப்படும். ஏரி என்ற சொல்லே வாயில் வராது. பப்பில் கூடும் நண்பர்களிடம் ஏரி மட்டும், வார்டு வராது. இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டால் இரண்டு பேர் போய்வந்ததாகவே நினைக்கும். இரண்டு பதிப்பிலும் விடுபடும் செய்தி ஒன்று உண்டு. மலாவி ஆஸ்பத்திரிகளில் சிசேரியன் உட்பட ஏராளமான வேலையைத் தூக்கிச் சுமப்பவர்கள் டாக்டர் பட்டம் இல்லாத மருத்துவ அலுவலர்கள். கற்றுக்கொடுக்கப் போனவர் பாதி நாள் அவர்கள் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டார். இதைச் சொல்லும் தொண்டர் அபூர்வம். சொல்பவரை நம்பி அடுத்த ஆண்டும் அனுப்பலாம்.

கேட்பவர்களுக்கும் ஓர் அளவு உண்டு. 'எப்படி இருந்தது?' என்ற கேள்விக்கு அவர்கள் எதிர்பார்ப்பது அரை நிமிடப் பதில். தொண்டரிடம் இருப்பது 900 படம்.

பழக்கங்கள் மெதுவாகத்தான் கழன்று விழும். மின்சாரம் இருக்கிறதே என்று மூன்று கருவிகளை ஒரே நேரத்தில் சார்ஜில் போடுவார். நலம் விசாரித்து முடிக்காமல் காரியம் பேசுவது மலாவியில் மரியாதை இல்லை, 'முலி புவாஞ்சி?' (எப்படி இருக்கிறீர்கள்?) என்றால் பதில் சொல்லி, திருப்பிக் கேட்டு, அதற்கும் பதில் வாங்கிய பிறகே மேலே பேச முடியும். எடின்பரோ பஸ் டிரைவரிடம் இதை நடத்திப் பார்த்தால் பின்னால் வரிசை நீளும். சாப்பாடும் அப்படித்தான். அங்கே தின்ற நசிமா என்பது மக்காச்சோள மாவில் கிண்டும் களி. நம் கேழ்வரகுக் களியைத் தின்றவருக்கு அதன் குணம் சொல்லாமலே புரியும். அதை வீட்டில் கிண்டி விருந்து வைப்பார், கட்டி தட்டியிருக்கும். விருந்தாளிகள் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கீழே வைப்பார்கள்.

இதற்கெல்லாம் சமூகவியலில் வரைபடமே இருக்கிறது. வெளிநாடு போனவரின் மனநிலை முதலில் உயர்ந்து, நடுவில் சரிந்து, மீண்டும் ஏறும் என்று 1955இல் லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் எழுதினார். யூ எழுத்தின் வடிவம். ஊர் திரும்பியதும் இன்னொரு சரிவு வரும் என்று 1963இல் கல்லஹார்ன் என்ற பெயருடைய ஆய்வாளர்கள் இருவர் சேர்த்தார்கள். யூ டபிள்யூ ஆனது. சூப்பர் மார்க்கெட்டில் முப்பது வகை நாய்த்தீனிக்கு முன்னால் கண்கலங்கி நிற்பவர் டபிள்யூவின் இரண்டாவது பள்ளத்தில் நிற்கிறார். மெல்லக் கையைப் பிடித்து ரொட்டிப் பக்கம் அழைத்துப் போகவேண்டும்.

உடம்பு கடைசியாகத் திரும்பும். மலேரியா தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் எடுத்தவர் வந்த பிறகும் நான்கு வாரம் விழுங்கவேண்டும். மலரோன் என்றால் ஏழு நாள். ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் மலாவி போய்வந்ததைச் சொல்வது அவசியம். இவரோ காய்ச்சல் இல்லாமலே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மிச்சம் ஏரி. மெக்லியர் முனையின் நீர் கண்ணாடி போல இருக்கும்; உள்ளே வண்ண மீன்கள். கூடவே நத்தைகளும் உண்டு. நத்தையிலிருந்து வெளிவரும் நுண்புழு சில நிமிடங்களில் தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும். அது தரும் நோய் பில்ஹார்சியா. 1851இல் கெய்ரோவில் அந்தப் புழுவைக் கண்டுபிடித்த தியோடர் பில்ஹார்ஸின் பெயர். அந்த நோயால் சிறுநீரில் ரத்தம் போகும் பிள்ளைகளை வார்டில் பார்த்து, ஏரியில் இறங்காதே என்று இரண்டு வாரம் அறிவுரை சொன்னவர், மூன்றாவது வாரம் நண்பர்களோடு அதே ஏரியில் குதித்தார். 'எங்கள் கரையில் கிடையாது, பக்கத்து விடுதிக் கரையில்தான்' என்று விடுதிக்காரர் சொன்னாராம். பக்கத்து விடுதியில் என்ன சொல்கிறார்கள் என்று விசாரிக்கவில்லை.

பரிசோதனையைக் கடைசியாக நீந்தி மூன்று மாதம் கழித்துச் செய்வார்கள். அதற்கு முன் பார்த்தால் பிடிபடாமல் போகலாம். அங்கே ஸ்டெதாஸ்கோப்போடு நின்றவர் இங்கே சிறுநீர்க் குப்பியோடு வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஏரிப் பதிப்பு மருத்துவ வட்டாரத்தில் வெளியாவது அப்போதுதான். முடிவு 'இருக்கிறது' என்று வந்தால் மருந்து பிராசிகுவான்டெல், கிலோவுக்கு 40 மில்லிகிராம். 60 கிலோ எடைக்கு 600 மில்லிகிராம் மாத்திரை நான்கு. பள்ளிப் பிள்ளைகளை உயரம் குறித்த கம்பத்தோடு நிறுத்தி அங்கே கொடுப்பதும் இதே மாத்திரைதான். பெரிது, கசப்பு. பிள்ளைகள் முகம் சுளிக்காமல் விழுங்கிவிடுவார்கள்.