ஒன்றரை வருஷம் பொறுத்துக்கோ, கண்ணு

விடியற்காலை ஐந்தேகால். ஓசூர் ஜூஜூவாடியில் லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து. பேக்கரி வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. ஏ ஷிப்டுக்குப் போகிறவள் எட்டு மாதப் பிள்ளையைத் தூக்கத்தோடு அள்ளிக்கொண்டு மூன்றாவது கதவைத் தட்டுகிறாள். உள்ளே ஒரு ஆயா. ஜன்னல் கம்பியில் ஒரு தூளி, மேலே கொக்கியில் ஒரு தூளி, கீழே பாயில் மூன்று பிள்ளைகள். ஒன்று தெலுங்கு வீட்டுப் பிள்ளை, ஒன்று ஒடிசாவிலிருந்து வந்தது. ஆயாவுக்கு எல்லாமே ‘குட்டி’தான். அவளுக்கு முழங்கால் வலி, ஓடிப் பிடிக்க முடியாது. அதனால் தவழ்கிற குட்டியின் காலில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்து வைத்திருக்கிறாள். அவளைத் திட்ட வாய் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ஓசூரின் தொழில் வளர்ச்சி அந்த முடிச்சில்தான் நிற்கிறது.

கண்ணு, உன்னிடம் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். உன் வயசு சரியில்லை. 2017 திருத்தச் சட்டம் உன் அம்மாவுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அவள் 80 நாள் வேலை பார்த்ததாக ஏட்டில் இருக்க வேண்டும். காண்ட்ராக்டர் மாறினால் ஏடும் மாறும், அது வேறு கதை. ஆக, ஆறு மாதம் வரை உனக்கு அம்மா உண்டு. அப்புறம் அங்கன்வாடி. தமிழ்நாட்டில் 54,000-க்கு மேல் இருக்கின்றன. குறை சொல்ல மனசு வராது, முட்டையும் சோறும் போட்டு எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றியவை. ஆனால் அங்கே பாயில் உட்கார உனக்கு இரண்டு வயசு ஆக வேண்டும். நடுவில் ஒன்றரை வருஷம். அதுவரை நீ கொஞ்சம் பிறக்காமல் இருந்திருக்கலாம்.

சட்டம் உன்னை மறந்துவிட்டது என்று நினைக்காதே. 1948-லேயே எழுதிவிட்டார்கள். தொழிற்சாலைச் சட்டம், 48-ஆம் பிரிவு. 50 பெண்களுக்கு மேல், பிறகு 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள அறை, பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பெண். இலவசப் பால் கொடுக்க விதி எழுதவும் அதில் இடம் இருந்தது. 2017-இல் இன்னும் தாராளம்: 50 பேர் வேலை செய்யும் எந்த இடமானாலும் காப்பகம் வேண்டும், அம்மா நாளைக்கு நான்கு முறை வந்து பார்க்கலாம். நான்கு முறை! பாத்ரூம் போகக் கையைத் தூக்கிவிட்டு, ரிலீவர் வரும்வரை காலை இறுக்கிக்கொண்டு லைனில் நிற்கிறவளுக்கு.

எண்ணிக்கை இடித்தால் தலைகளை வேறு பெயரில் எண்ணலாம். இவர்கள் காண்ட்ராக்ட், இவர்கள் டிரெய்னி, அந்த வரிசை அப்ரண்டிஸ். பள்ளிப் பிள்ளைகள் கூட்டல் கணக்கில் தோற்பார்கள், எச்.ஆர். கழித்தல் கணக்கில் தோற்றதே இல்லை. காப்பகமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நான் எட்டிப் பார்த்த ஒன்றில் சுவர் முழுக்க மிக்கி மவுஸ் சிரித்துக்கொண்டிருந்தது. தரை முழுக்க பேக்கிங் அட்டைப் பெட்டி. தணிக்கை நாளன்று பெட்டிகள் வெளியே போகும் என்றார் செக்யூரிட்டி அண்ணன். பிள்ளைகள் எப்போது உள்ளே வரும் என்று கேட்டேன். “நீங்க யாரு சார்?” என்றார்.

தொட்டில் வைக்கத் தெரியாத அரசா இது? 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 2001-இல் தர்மபுரிக்கும் நீண்டது. ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது. பெண் பிள்ளை வேண்டாமென்றால் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்றார்கள். நல்ல காரியம். அதன்படி, இந்த மண்ணில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவளுக்கு அரசுத் தொட்டில் உண்டு. சாயங்காலம் திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறேன் என்கிறவளுக்குத்தான் இல்லை. திரும்பி வருவேன் என்று சொன்னதுதான் அவள் செய்த தப்பு.

தில்லியிலும் தொட்டில் உண்டு. ‘பால்னா’ திட்டம், இந்தியில் தொட்டில் என்று அர்த்தமாம். மாதம் 26 நாள், நாளைக்கு ஏழரை மணி நேரம். ஷிப்ட் எட்டு மணி நேரம், பஸ் போக வர இன்னும் இரண்டு. ஏழரையை நாங்கள் வேறு அர்த்தத்தில் சொல்வோம்.

பெற்றோருக்கு வழிகாட்டியும் வந்தாயிற்று. 2024 மார்ச்சில் ‘நவ்சேத்னா’: பிறந்தது முதல் மூன்று வயசு வரை மூளையைத் தூண்ட 36 மாத நாட்காட்டி, 140 செயல்பாடுகள். முகம் பார்த்துப் பேசு, பாடு, கிலுகிலுப்பை ஆட்டு. அருமை. கிலுகிலுப்பை ஆட்ட வேண்டிய கை அந்த நேரத்தில் கையுறை போட்டுக்கொண்டு போன் மூடியைத் துடைக்கிறது. 141-ஆவதாக ‘அம்மாவை வீட்டில் வைத்திரு’ என்று சேர்த்திருந்தால் புத்தகம் ஒரே பக்கத்தில் முடிந்திருக்கும்.

அங்கன்வாடி சத்துமாவுக்கு இப்போது முகம் வேண்டும். 2025 ஜூலையிலிருந்து போஷன் டிராக்கர் செயலியில் முகம் பொருந்தினால்தான் பாக்கெட். டீச்சர் போனைத் தூக்கிப் பிடிப்பார், அம்மா கண்ணைச் சிமிட்ட வேண்டும். சிக்னல் வேண்டும். மையம் திறந்திருக்கும்போது அம்மா ஷிப்டில். அம்மா வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை மையத்துக்குப் பூட்டு. சத்துமாவைத் திருடுகிறவர்களைப் பிடிக்க முகத்தைத் தேடுகிறார்கள். திருட்டு போவது எங்கே என்று கேட்டால், ஒன்றரை வருஷம் என்பேன்.

இதே ஓசூரில் ரோஜாவுக்குப் பாலி ஹவுஸ் உண்டு. வெயில் ஏறினால் பனிபோல் நீர் தெளிக்கும். காதலர் தினத்துக்கு விமானம் ஏற வேண்டிய பூ, வாடக் கூடாது. 2021-இல் ஓலா, இதே மாவட்டத்துப் போச்சம்பள்ளி ஆலையில் பத்தாயிரம் பேரும் பெண்கள்தான் என்று அறிவித்தது, கை தட்டினோம். இரண்டு நொடிக்கு ஒரு ஸ்கூட்டர் என்ற பெருமையும் கேட்டோம். நான் படித்த தாள்களில் இத்தனை பெண்களுக்கு இத்தனை தொட்டில் என்ற வரி மட்டும் இல்லை. 2024 ஆகஸ்டில் ஐபோன் செய்யும் பெண்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு விடுதி திறந்தார்கள். கட்டில் கணக்கு ஒற்றை இலக்கம் வரை துல்லியம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானில் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் எழுதியது, நிறுவனம் மறுத்தது. மறுப்பை நம்புவோம். ஆனாலும் தொட்டில் செலவே இல்லாமல் ஆலை நடத்த அதைவிட மலிவான வழி கிடையாது.

மூன்று மணிக்கு பஸ் திரும்புகிறது. தலையில் கம்பெனித் தொப்பி, முகத்தில் மாஸ்க், சட்டையின் முன்பக்கம் பால் கசிந்து காய்ந்த கறை. மூன்றாவது கதவில் நின்று கையை நீட்டுகிறாள். பிள்ளை அவளை உற்றுப் பார்க்கிறது. உதடு பிதுங்குகிறது. திரும்பி ஆயாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிடுகிறது.

“தொப்பிய எடும்மா,” என்கிறாள் ஆயா, கட்டில் காலில் இருந்த முடிச்சை அவிழ்த்தபடி. “அதுக்கு அடையாளம் தெரியல.”