பொம்பா அண்ணன் வருகிறார்

இரவு பதினொன்றரைக்கு நான்காவது மாடி நடைபாதையில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் பதினாறு அறைகளும் ஒரே நேரத்தில் சுறுசுறுப்பாகிவிடும். ஒருவன் மெகி கொதித்துக்கொண்டிருக்கும் ரைஸ் குக்கரைக் கட்டிலுக்கடியில் தள்ளுவான். ஒருவன் கெட்டிலை அலமாரியில் துணிக்குள் புதைப்பான். ஜன்னலோரம் வேப் இழுத்துக்கொண்டிருந்தவன் புகையை விழுங்கிவிட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வான். எல்லாரும் ஜப்பான் செருப்பில் திரிகிற அந்த நேரத்தில் கயிறு கட்டிய சப்பாத்தோடு நடக்கிறவர் கட்டடத்திலேயே ஒருவர்தான். ராத்திரி எந்நேரம் மணி அடித்தாலும் இறங்கி ஓடத் தயாராக இருக்க வேண்டுமாம்.

பதிவேட்டில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. மாடியில் அவர் பொம்பா அண்ணன். பொம்பா என்றால் தீயணைப்புப் படை என்று மலேசியாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிஜ பொம்பா வர 999 அழுத்த வேண்டும். இவர் வர ஓர் ஊதுவத்தி போதும்.

இந்த இனம் எல்லாக் கட்டடத்திலும் வளர்கிறது. அலுவலகத்தில் 'கடைசியாகப் போகிறவர் ஏர்கோன் அடைக்கவும்' என்று எழுதி ஒட்டுகிறவர் இதே இனம். கோயில் திருவிழாவில் சாமி புறப்படும் நேரம் பார்த்து மைக்கைப் பிடித்து, காடியை ஒழுங்காக நிறுத்தச் சொல்கிறவரும் இதே இனம். ஆனால் அது முழுதாகக் கனிவது பல்கலைக்கழக விடுதியில்தான். ஒரு மாடியில் அறுபத்துநான்கு பேர், ஆறு கழிப்பறை, ஒரு தண்ணீர் மெஷின், எல்லாருக்கும் பத்தொன்பது இருபது வயது. விதி பழுக்க இதைவிட நல்ல சீதோஷ்ணம் எங்கே கிடைக்கும்?

நம் பொம்பாவுக்கு ஊர் ஜெஞ்சாரோம். கிள்ளானிலிருந்து பந்திங் போகிற சாலையில் இருக்கிற சின்னப் பட்டணம். சீனப் புத்தாண்டுக்கு டோங் சென் கோயிலின் விளக்கு அலங்காரம் பார்க்க கோலாலம்பூரே திரண்டு வரும். மற்ற நாளில் செம்பனைத் தோட்டமும் லாரியும்தான். 2018 ஜனவரியில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவைச் சாத்தியது. உலகத்தின் குப்பை வேறு வாசல் தேடியபோது ஜெஞ்சாரோம் பக்கம் உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. பகலில் பிரித்தார்கள், விற்காததை இரவில் எரித்தார்கள். அதிகாரிகள் வந்து ஆலைகளை மூடிய பிறகும் 17,000 டன் கழிவு அங்கேயே கிடந்ததாக 2019-ல் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. அந்த ஆண்டு மே மாதம் அமைச்சர் யோ பீ யின் போர்ட் கிள்ளானில் கொள்கலன்களைத் திறந்து காட்டி, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார்.

அப்போது பொம்பா படிவம் ஒன்று. ராத்திரி ஜன்னலை இறுக்கிச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்துவிட்டுத் தூங்கிய பிள்ளை. மற்ற பிள்ளைகள் பந்து விளையாட்டில் தேறிக்கொண்டிருந்த வயதில் இவர் மூக்கில் தேறினார். காற்றில் வருவது பால் போத்தலா, வயர் உறையா, வெறும் செம்பனை மட்டையா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாராம். அந்த மூக்கைத்தான் விடுதி விண்ணப்பப் பாரத்தில் 'தனித்திறமை' என்ற கட்டத்தில் எழுதாமல் விட்டுவிட்டார். எழுதியிருந்தால் இடம் கிடைத்திருக்காது.

அவருடைய அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். 1994-ல் வந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும் என்று 2024 ஜூன் முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். அந்த மாடியில் வேலை செய்கிறவர் யாருமே இல்லை என்பது பெற்றோர்கள் அனைவரும் ஒத்துக்கொள்கிற விஷயம். இருந்தாலும் சட்டத்தைப் படித்த அன்றே பொம்பா தம்மைத் தாமே நியமித்துக்கொண்டார். 1971-ல் வந்த பல்கலைக்கழகச் சட்டம் மாணவன் எந்தக் கட்சிப் பக்கம் சாய்கிறான் என்றே பல ஆண்டுகள் கவலைப்பட்டது. மாணவனின் எக்ஸ்டென்ஷன் வயர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவலைப்பட்டவர் இவர் ஒருவர்தான்.

அந்தக் கவலையில் கணக்கு இருக்கிறது. பிளக்கில் இருப்பது 13 ஆம்பியர் பியூஸ். 230 வோல்ட்டில் அது தாங்குவது ஏறக்குறைய 3,000 வாட். கெட்டில் 2,000 வாட், இஸ்திரிப் பெட்டி 1,200. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகினால் 3,200. "பியூஸ் போயிடும்ல, அப்புறம் என்னண்ணே பயம்?" என்று முதலாண்டுப் பையன் ஒருவன் கேட்டான். பொம்பாவின் முகத்தில் அப்போது தெரிந்த கருணையை அருளாளர் படங்களில்தான் பார்க்க முடியும். "இவ்வளவு கொஞ்சம் ஏறினா பியூஸ் உடனே போகாது தம்பி. வயர் சுடும். அந்த வயரை நீ மெத்தைக்கடியில விட்டிருக்க. சூடு எங்க போகும்?" பையன் அன்றிரவு தரையில் படுத்தான்.

கெட்டிலைக் கண்டால் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். அடியில் சிரிம் தரச்சான்று ஸ்டிக்கர் இருக்கிறதா? இருந்தால் பறிமுதல், நன்றியோடு. இல்லாவிட்டால் பறிமுதல், அரை மணி நேரச் சொற்பொழிவோடு. "பசிக்குதுலா அண்ணே" என்றால் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துங்கு சான்சலர் மண்டபத்தை இழுப்பார். 2001 ஜூன் 29-ல் அது தீப்பற்றியது. "பட்டம் குடுக்குற மண்டபமே எரிஞ்சிருக்கு. உன் மெகி எம்மாத்திரம்?"

மாடிப்படிக்குப் போகிற கனத்த கதவு அவருடைய நெடுநாள் துக்கம். அது தீத்தடுப்புக் கதவு. தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். அது சாத்தியிருந்தால்தான் புகை படிக்கட்டுக்குள் நுழையாது, மேலே இருப்பவர்கள் மூச்சுத் திணறாமல் இறங்கலாம். ஆனால் கதவு சாத்தியிருந்தால் காற்று வராது, தப்பாவ் பொட்டலமும் கையுமாக வருகிறவனுக்குத் திறக்க வராது. ஆகவே யாராவது எதையாவது முட்டுக்கொடுத்துவிடுவார்கள். முதலில் செங்கல். அதை எடுத்தார். பிறகு பழைய அகராதி. அதையும் எடுத்தார், நூலகத்தில் திருப்பிக்கூடக் கொடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால் கதவுக்கு முட்டாக நிற்கிறது ஒரு தீயணைப்புச் சிலிண்டர். சிவப்பு நிறம் மின்ன, முள் பச்சைக் கட்டத்தில், பொம்பா முத்திரை காலாவதியாகாமல், எல்லா விதியையும் தான் மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. பொம்பா அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடம் பேசவில்லை. சாவு வீடு என்று நினைத்து இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

டுரியான் பருவத்தில் அவர் தனி ஆள். 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக நூலகத்தில் எரிவாயு கசிவதாகப் பயந்து ஏறக்குறைய ஐந்நூறு பேரை வெளியேற்றினார்கள். தீயணைப்பு வீரர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு தேடியதில் அலமாரி ஒன்றில் அழுகிய டுரியான் கிடைத்தது. அடுத்த ஆண்டு மே மாதம் கான்பரா பல்கலைக்கழக நூலகத்திலும் அதே கதை: 550 பேர் ஆறு நிமிடத்துக்குள் காலி, குற்றவாளி குப்பைத் தொட்டியில். இதைக் கேட்கிற மலேசியன் எவனும், அந்தக் கூட்டத்தில் நம் மூக்கு ஒன்றுகூடவா இல்லை என்று சிரிப்பான். பொம்பா சிரிக்கவில்லை. அவர் மனத்தில் தைத்தது அந்த ஆறு நிமிடம்.

ஏனென்றால் இந்தப் பழைய செய்தி அவர் கண்ணில் பட்டதற்கு முந்தைய வாரம்தான் விடுதியில் தீயணைப்புப் பயிற்சி நடந்தது. நேரக் கணிப்பானோடு கீழே நின்றவர் அவர். மணி அடித்தது. ஒருவன் குளித்துக்கொண்டிருந்தான், முடித்துவிட்டுத்தான் வந்தான். ஒருவன் லிப்டுக்குக் காத்திருந்தான். தீ என்றால் லிப்ட் கூடாது என்று லிப்ட் கதவிலேயே எழுதியிருந்தது. அதைப் படித்துக்கொண்டே காத்திருந்தான். கைலியும் பனியனுமாய் இருந்த ஒருவன் படிக்கட்டில் நின்று, அலுவலகப் பக்கம் காலர் வைத்த சட்டை கட்டாயம் என்று விதி இருக்கிறதே, இப்படியே இறங்கலாமா என்று மேலிருந்து கத்திக் கேட்டான். கேள்வியில் நியாயம் இருந்ததால் பொம்பா கொஞ்சம் யோசித்தார். அதில் ஒரு நிமிடம் போயிற்று. கடைசி ஆள் இறங்கியபோது பத்தொன்பது நிமிடம். அந்த ஆள் கையில் அதுவரை யாருமே பார்த்திராத ஒரு ரைஸ் குக்கர். தீயில் கருகிவிடக் கூடாதே என்று பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான்.

"டுரியானுக்குப் பயந்து ஆறு நிமிஷத்துல இறங்கியிருக்கான் வெள்ளைக்காரன்" என்று அன்று முழுக்கப் புலம்பினார்.

ஒரே ஒரு விஷயத்தில் அவரைக் கேலி செய்ய யாருக்கும் வாய் வராது. தரைத்தளத்தில் நடைபாதைக் கோடியில் இரும்புக் கிராதிக் கதவு ஒன்று உண்டு. திருட்டுக்கும் குரங்குக்கும் பயந்து இரவில் பூட்டுவார்கள். காட்டோரக் கட்டடம் என்பதால் குரங்குகளும் ஏறத்தாழப் பதிவுபெற்ற மாணவர்களே. சாவி காவலர் அறையில். 2017 செப்டம்பர் 14 அதிகாலை, கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதி தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பையன்கள். ஜன்னல்களில் கிராதி இருந்தது. பொம்பா இதைச் சொற்பொழிவில் சேர்ப்பதில்லை. மூன்று மாதம் அலுவலகத்துக்கு நடந்து, விடுதிப் பொறுப்பாளரான பெலோவுக்குக் கடிதமாக எழுதி, கடைசியில் கிராதிக்குப் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டி வைத்து அதில் ஒரு மாற்றுச் சாவியைத் தொங்கவிட வைத்தார். வாரத்துக்கு ஒருமுறை அதே சாவியால் பூட்டைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மாட்டுவார். அந்த நேரத்தில் மட்டும் பையன்கள் அவரை நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

போன தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஜெஞ்சாரோமிலிருந்து அம்மா வந்தார். தூக்குச் சட்டியில் மீன் குழம்பு, பையில் முறுக்கு, மஞ்சள் துணியில் கற்பூரமும் சாம்பிராணியும். பெலோவிடம் அனுமதி வாங்கி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போடவைத்துத்தான் மேலே கூட்டி வந்தார் மகன். மேசையில் முருகன் படம். அதன் முன்னால் பேட்டரியில் மினுக்கும் பிளாஸ்டிக் விளக்கு.

"என்னய்யா இது?"

"விளக்கும்மா. நெருப்பு கெடையாது."

"சாமிக்குச் சார்ஜ் போடுறியா?"

பக்கத்து அறைகளில் மூச்சுச் சத்தம்கூட நின்றுபோயிற்று. கூரையில் புகை உணர்கருவி சின்னதாகச் சிவப்புக் கண் சிமிட்டியது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஏற்றலாமா என்றார் அம்மா. திரைச்சீலை இருக்கிறது என்றார் மகன். குளியலறை? கேட்டுவிட்டு அம்மாவே நாக்கைக் கடித்துக்கொண்டார். படிக்கட்டு? அது தப்பிக்கும் வழி, அங்கே எதுவும் வைக்கக்கூடாது. பிள்ளை நாலு வருடம் படித்து முடிப்பதற்குள் ஒரு சூடம் காட்ட இடமில்லையா இந்தப் பெரிய கட்டடத்தில் என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பொம்பா சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். அது அவர் யோசிக்கும் விதம். பிறகு முருகன் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்கம்மா" என்று படி இறங்கினார். லிப்டில் அல்ல.

கட்டடத்திலிருந்து விலகி, மேலே மரக்கிளை இல்லாமல், பக்கத்தில் காடி நிறுத்தாமல், எரியும் பொருள் ஒன்றும் இல்லாமல், எல்லா விதிக்கும் பொருந்துகிற இடம் ஒன்றுதான் இருந்தது. திடலோரத்தில் பச்சைப் பலகை. நாலு மூலையிலிருந்து நாலு அம்புக்குறி நடுவில் நிற்கும் ஆட்களை நோக்கி வரும். கீழே 'தெம்பாட் பெர்கும்புல்', ஒன்றுகூடும் இடம். பலகைக் காலில் படத்தைச் சாய்த்து வைத்து அம்மா சூடம் ஏற்றினார். மகன் ஒரு கையால் கும்பிட்டார். இன்னொரு கையில் சிலிண்டர். காவலர் பாக்சிக் தூரத்திலேயே நின்று தொப்பியைச் சரி செய்துகொண்டார். நான்கு மாடி ஜன்னல்களிலும் தலைகள்.

அடுத்த பருவத் தேர்வின் முதல் காலை, அந்தப் பலகையடியில் இரண்டு சாமந்திப் பூவும் கறுப்பாய் ஒரு கற்பூர வட்டமும் கிடந்தன. யார் வைத்தது என்று தெரியவில்லை. மறுநாள் மூன்று வட்டம், ஓர் எலுமிச்சம்பழம். கணிதத் தாள் அன்று சீனப் பையன் ஒருவன் ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போனதைப் பாக்சிக்கே பார்த்திருக்கிறார். அன்று மாலையே பலகைக்குக் கீழே ஒரு வாளி மணலும், பிளாஸ்டிக் உறை போட்ட புது அறிவிப்பும் வந்துவிட்டன. மலாய், சீனம், ஆங்கிலம், கடைசியில் தமிழ்: 'வேண்டுதல் முடிந்ததும் மணல் போட்டு அணைக்கவும். பிள்ளையார் சுழியோடு துண்டுச்சீட்டு வைக்கக்கூடாது. காற்றில் பறந்தால் தேர்வு மண்டபத்தில் சந்தேகப்படுவார்கள்.'