காலிப் பக்கம் தந்தமைக்கு நன்றி

பெறுநர்: டிஜிட்டல் கற்றல் பிரிவுத் தலைவர், (மரியாதை கருதிப் பெயர் தவிர்க்கப்பட்ட) பல்கலைக்கழகம்.
அனுப்புநர்: உங்கள் மாணவி ஒருத்தியின் மாமா, சிடாம் கிரி தோட்டம், கெடா.

ஐயா,

என் அக்கா மகளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. பினாங்கு செயின்ட் நிக்கலஸ் பார்வையற்றோர் இல்லத்தில் பிரெயில் தொட்டுப் படித்தவள். இப்போது உங்களிடம் படிக்கிறாள். கணினியில் என்விடிஏ என்றொரு இலவச மென்பொருள் வைத்திருக்கிறாள். பார்வையில்லாத இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006-இல் தொடங்கிய வேலை அது. திரையில் எழுத்து இருந்தால் வாசித்துக் காட்டிவிடும். எழுத்து இல்லாதபடி தாங்கள் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

விரிவுரைக் குறிப்பு வேர்டில் எழுத்தாகத்தான் பிறக்கிறது. அப்படியே பிடிஎஃப்பாகச் சேமித்தால் வேலை முடிந்துவிடும். எழுத்து எழுத்தாகவே இருக்கும். அவ்வளவு சுலபமாக விடுவீர்களா? அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, சாப் குத்தி, ஸ்கேன் செய்து, அதன்பிறகே தளத்தில் ஏற்றுகிறீர்கள். எழுத்தெல்லாம் படமாகிவிடுகிறது. என்விடிஏ தேடிப் பார்த்துவிட்டுக் காலிப் பக்கம் என்கிறது. நாற்பது பக்கப் பாடம், நாற்பதும் காலி. பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ தெரிகிறது என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். பாடத்தை அவளுக்கு வாசித்துக் காட்டுவது அவன்தான், ஐந்தாம் படிவம்.

என் தாத்தா காலத்தில் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்தரான கிராணிதான் வாசித்துச் சொல்வார். எத்தனை நாள் பேர் விழுந்தது, எவ்வளவு பிடித்தம், எல்லாம் கிராணி வாயிலிருந்து வருவதுதான். தாத்தா கைநாட்டு வைத்துவிட்டு லயத்துக்குத் திரும்புவார். பட்டப்படிப்புக்கு வந்துவிட்ட கொள்ளுப்பேத்திக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஓர் ஆள் வேண்டும் என்று ஏற்பாடு செய்து, தோட்டத்தின் பாரம்பரியத்தைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். ரப்பர் போய் செம்பனை வந்துவிட்ட ஊரில் இதைச் செய்ய யார் இருக்கிறார்கள்?

ஒன்றுமே செய்யவில்லை என்று உங்களைக் குறை சொல்ல முடியாது. தளத்தின் மூலையில் சக்கர நாற்காலிப் படம் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கலாம், பின்னணி நிறத்தை மாற்றலாம். என் மருமகள் வெகுநேரம் யோசித்து இளநீலத்தைத் தேர்ந்தெடுத்தாள். நன்றாக இருப்பதாகப் பையன் சொன்னான். வரைபடங்களுக்கு விளக்கம் கேட்டால் 'ஐஎம்ஜி 0047' என்று பதில் வருகிறது. தேர்வுக்கு அதையே மனப்பாடம் செய்துவிடலாம். விரிவுரைக் காணொளிகளில் வசனத்தைக் கணினியே போட்டுக்கொள்கிறது. காது கேளாத மாணவர்கள் அதில் பாடம் படிக்கிறார்களா, புதிர் அவிழ்க்கிறார்களா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சட்டம் இருக்கிறதே என்று யாராவது பயமுறுத்தினால் கலங்காதீர்கள். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, தகவலும் தொழில்நுட்பமும் மற்றவர்களுக்குச் சமமாகக் கிடைப்பது உரிமை என்று 30-ஆம் பிரிவில் சொல்கிறது. கிடைக்காவிட்டால் என்ன தண்டனை என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது. 2010-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் மலேசியா ஏற்றுக்கொண்டது. அந்த ஆவணத்தையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தால் நாம் நிம்மதியாக இருக்கலாம்.

அமெரிக்காக்காரர்கள் உங்களையும் மிஞ்சியவர்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இலவசக் காணொளிகளில் சரியான வசனம் இல்லை என்று காது கேளாதோர் தரப்பிலிருந்து புகார் போனது. சரிசெய்யும்படி 2016-இல் அந்நாட்டு நீதித்துறை கடிதம் எழுதியது. 2017-இல் பல்கலைக்கழகம் 20,000-க்கும் மேற்பட்ட காணொளிகளைப் பொதுப்பார்வையிலிருந்து எடுத்துவிட்டது! யாருக்கும் இல்லையென்றால் எல்லாரும் சமம். இதைப் போய் உங்களுக்குச் சொல்கிறேனே என்று எனக்கே பயமாக இருக்கிறது.

ஒரே ஒரு விண்ணப்பம். விடுதிக் கட்டணம் கட்டும் பக்கத்தை என்விடிஏ தங்குதடையில்லாமல் வாசிக்கிறது. ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் இருக்கிறது, தொகையைச் சென் வரைக்கும் சொல்கிறது, தப்பாகத் தட்டினால் எங்கே தப்பு என்றும் சொல்கிறது. யார் உதவியும் இல்லாமல் அவளே பணம் கட்டினாள். அந்தப் பக்கத்தைச் செய்தவர் இன்னும் உங்களிடம் வேலையில் இருந்தால், பாடக்குறிப்புப் பிரிவுக்கு அவரை மாற்றிவிட முடியுமா?

இப்படிக்கு,
கட்டணத்தில் பாக்கி வைக்காத
மாமா